கிளீவ்லாண்ட் ஃபோர்ஸ்: கூட்டம் இருந்தும் மூடிய அணி

கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனைக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த ஊரின் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகம் பழக்கமாகியிருக்கும். அதே வளாகத்தில் வோல்ஸ்டைன் சென்டர் என்று ஒரு பெரிய உள்ளரங்கம் இருக்கிறது. வோல்ஸ்டைன் யார் என்று கேட்டால், நன்கொடை கொடுத்த யாரோ ஒரு பணக்காரர் என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்வார்கள். பெர்ட் வோல்ஸ்டைன் வணிக வளாகங்கள் கட்டி சம்பாதித்தவர், அது உண்மைதான். ஆனால் 1979 முதல் 1988 வரை அவர் கிளீவ்லாண்ட் ஃபோர்ஸ் என்ற தொழில்முறை உள்ளரங்கக் கால்பந்து அணியின் உரிமையாளராகவும் இருந்தார். ஆராதனை தொடங்கிய அதே 1978இல் தொடங்கிய அணி அது. ஆராதனை இன்னும் நடக்கிறது. அணி பத்தே சீசனில் முடிந்துபோனது.

எண்பதுகளின் நடுவில் நான் பாலிமர் படிக்க, ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாண்டுக்குப் பக்கத்து ஊரான ஆக்ரனுக்கு வந்தேன். குட்இயர், ஃபயர்ஸ்டோன் எல்லாம் அங்கிருந்து வளர்ந்த கம்பெனிகள் என்பதால் ரப்பர், பிளாஸ்டிக் ஆராய்ச்சிக்கு அந்த ஊர் பெயர் பெற்றது. எங்கள் துறையில் கோயம்புத்தூர்க்கார சீனியர் ஒருவர் ஓட்டை கார் ஒன்று வைத்திருந்தார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் எங்களை ஏற்றிக்கொண்டு ஃபோர்ஸ் ஆட்டத்துக்குப் போவார். "தம்பி, மெட்ராஸ்ல பார்த்த கால்பந்துன்னு நினைச்சு வராதே, இது வேற ஆட்டம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

உண்மையிலேயே வேறு ஆட்டம்தான். ஐஸ் ஹாக்கி களத்தின் அளவில் செயற்கைப் புல் விரிப்பைப் பரப்பி, சுற்றுப் பலகைகளை அப்படியே விட்டுவிடுவார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பந்து வெளியே போகிற பேச்சே அதிகம் இல்லை, கேரம் காய் மாதிரி பலகையில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். பதினைந்து நிமிடங்களாக நான்கு கால்பகுதி ஆட்டம். ஆள் மாற்றத்துக்கு ஆட்டம் நிற்காது, ஒருவர் பலகையைத் தாண்டி உள்ளே குதிக்க, இன்னொருவர் வெளியே ஏறுவார். தவறு செய்தவர் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும். தொண்ணூறு நிமிடம் ஒரு கோலுக்காகக் காத்திருக்கும் பொறுமை அமெரிக்கர்களுக்கு இல்லை என்று கணக்குப் போட்டு வடிவமைத்த ஆட்டம் என்பது என் கருத்து. அந்தக் கணக்கு சில ஊர்களில் பலித்தது. கிளீவ்லாண்டில் நன்றாகவே பலித்தது. எண்பதுகளின் நடுவில் ஃபோர்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கு மேல் ஆட்கள் வந்தார்கள். ஆட்டங்கள் நடந்தது ரிச்ஃபீல்ட் கொலிசியம் என்ற அரங்கத்தில். அதே அரங்கத்தில் ஆடிய காவலியர்ஸ் கூடைப்பந்து அணிக்குச் சில ஆண்டுகள் அந்தக் கூட்டம்கூட இல்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊர் நூலகத்தில் வட்டாரக் காட்சி ஒன்று வைத்தார்கள். விளையாட்டு மூலைக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டபோது, ஃபோர்ஸின் வரலாற்றை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் என்று பார்த்தால் வேலை இழுத்துக்கொண்டே போனது. உயிரோடு இருக்கும் அணிக்கு ஓர் அலுவலகம் இருக்கும், இணையதளம் இருக்கும், பழைய கதையைப் பாதுகாக்க யாராவது சம்பளம் வாங்குவார்கள். மூடிய அணிக்கு எதுவும் இல்லை. இங்கே அணி ஆடிய லீகே மூடிவிட்டது. மூடிய கம்பெனி, மூடிய திரையரங்கு, மூடிய மில் என்று எதன் கதையைத் தேடுகிறவர்களுக்கும் நான் கற்றுக்கொண்டதில் கொஞ்சம் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் எந்த அணியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபோர்ஸ் 1978 முதல் 1988 வரை. அப்புறம் ஓராண்டு எதுவும் இல்லை. 1989இல் வேறு உரிமையாளர்களோடு கிளீவ்லாண்ட் கிரஞ்ச் என்ற புது அணி வந்தது. 2002இல் அந்த கிரஞ்ச் தன் பெயரை ஃபோர்ஸ் என்று மாற்றிக்கொண்டு 2005 வரை ஆடியது. அதாவது இரண்டு ஃபோர்ஸ், நடுவில் ஒரு கிரஞ்ச். லீகின் கதை இதைவிட மோசம். மேஜர் இண்டோர் சாக்கர் லீக் என்ற பெயரை மூன்று வெவ்வேறு அமைப்புகள் வைத்துக்கொண்டன. முதலாவது 1978இல் தொடங்கி, கடைசி இரண்டு சீசன் மேஜர் சாக்கர் லீக் என்ற பெயரில் ஆடி, 1992இல் முடிந்தது. இரண்டாவது 2001 முதல் 2008 வரை. மூன்றாவது 2009 முதல் 2014 வரை. இணையத்தில் பழைய பொருள் விற்பவர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. 'எண்பதுகளின் ஃபோர்ஸ்' என்று போட்டு 2003ஆம் ஆண்டுச் சட்டையை விற்பார்கள். ஆட்ட நிகழ்ச்சிப் புத்தகம் வாங்கும் எண்ணம் இருந்தால், உள்ளே வீரர் பட்டியல் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையை நம்பக் கூடாது.

அந்த நிகழ்ச்சிப் புத்தகங்களில் எனக்கு அதிகம் உதவியது வீரர் பேட்டிகள் இல்லை, விளம்பரங்கள்தான். எந்த வங்கி, எந்த பீர் கம்பெனி, எந்த கார் டீலர் முழுப்பக்கம் எடுத்தார், அடுத்த ஆண்டு கால்பக்கத்துக்கு இறங்கினார் என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் அணியின் நாடித்துடிப்பு தெரியும்.

செய்தித்தாளில் தேடுவது தனிக் கலை. ஃபோர்ஸ் என்று தேடுபெட்டியில் போட்டால் விமானப் படை, போலீஸ் படை, தொழிலாளர் எண்ணிக்கை எல்லாம் வந்து கொட்டும். அதற்கு நான் கண்ட வழி, வேறு எங்கும் வர வாய்ப்பில்லாத வீரர் பெயரைப் போடுவது. அணியின் நடுக்கள வீரர் கை ஹாஸ்கிவி பின்லாந்துக்காரர். ஒஹாயோவில் இன்னொரு ஹாஸ்கிவி செய்தியில் அடிபடும் வாய்ப்பு குறைவு. அவர் பெயரைப் போட்டதும் ஆட்டச் செய்திகள் சுத்தமாக வந்து விழுந்தன. பயிற்சியாளர் டிமோ லியகோஸ்கியும் பின்லாந்துக்காரர்தான், பிற்காலத்தில் கொலம்பஸ் க்ரூ அணியின் முதல் பயிற்சியாளராக ஆனவர். அவர் பெயரும் அப்படியே வேலை செய்தது. கோல் அடிப்பதில் பேர் வாங்கிய கிரேக் ஆலன், கீத் ஃபர்ஃபி என்ற இங்கிலாந்துக்காரர்களில் ஆலன் பெயரால் ஒரு பிரயோஜனமும் இல்லை, ஊரில் ஆயிரம் ஆலன்கள்.

கிளீவ்லாண்டில் அப்போது இரண்டு நாளிதழ்கள். அவற்றில் ஒன்றான கிளீவ்லாண்ட் பிரஸ் 1982 ஜூனில் நின்றுவிட்டது. ஆகவே அணியின் முதல் நான்கு சீசனுக்கு இரண்டு பார்வைகள் கிடைக்கும், அதற்குப் பிறகு உள்ளூரில் பிளெயின் டீலர் மட்டும்தான். பிரஸ்ஸின் செய்தி நறுக்குகளும் புகைப்படங்களும் ஸ்டேட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. பிளெயின் டீலரின் பழைய இதழ்களைக் கிளீவ்லாண்ட் பொது நூலக அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பலர் விட்டுவிடுவது ஆக்ரன் பீக்கன் ஜர்னலை. அரங்கம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்ததால் ஆக்ரன் நிருபர்களும் ஒழுங்காக வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரன் எழுதுவதில் விசுவாசம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. எல்லா நாளிதழிலும் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் யார் சேர்ந்தார், யார் விற்கப்பட்டார், யார் நீக்கப்பட்டார் என்று ஒரு பட்டியல் வரும். அதைத் தேதிவாரியாகக் குறித்துக்கொண்டால் பெரிய கட்டுரைகள் மறைப்பதெல்லாம் வெளியே வரும். வணிகப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். அணி மூடும் செய்தி விளையாட்டுப் பக்கத்தில் கண்ணீரோடும் வணிகப் பக்கத்தில் கணக்கோடும் வரும்.

பழைய ரசிகர்களிடம் பேசுவது சுகமான வேலை. ஆனால் சொல்வதை அப்படியே எழுத முடியாது. ஃபோர்ஸில் பார்த்ததையும் கிரஞ்சில் பார்த்ததையும் எல்லோரும் கலக்கிவிடுவார்கள், ஏனென்றால் ஹாஸ்கிவியே கிரஞ்சுக்கும் வந்து முதல் பயிற்சியாளராக இருந்தார். நான் ஆண்டைக் கேட்பதை நிறுத்திவிட்டு, "காரை எங்கே விட்டீர்கள்?" என்று கேட்க ஆரம்பித்தேன். நகரத்துக்குள் பல மாடி கார் நிறுத்தத்தில் விட்டோம் என்றால் அது ஸ்டேட் பல்கலைக்கழக அரங்கம், ஆகவே 1992க்குப் பிந்தைய கிரஞ்ச், அல்லது இரண்டாவது ஃபோர்ஸ். 303ஆம் சாலையில் மாட்டிக்கொண்டு முதல் கால்பகுதியைத் தவறவிட்டோம் என்றால் ரிச்ஃபீல்ட் கொலிசியம், ஆகவே அதற்கு முன்பு. மனிதர்கள் கோலை மறந்தாலும் பார்க்கிங்கை மறப்பதில்லை.

ரிச்ஃபீல்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிளீவ்லாண்டும் ஆக்ரனும் வளர்ந்து வளர்ந்து ஒரே நகரமாக ஒட்டிவிடும், அப்போது நடுவில் இருப்பதே மையமாகிவிடும் என்று நம்பி நிக் மிலெட்டி என்ற தொழிலதிபர் வயல்வெளிக்கு நடுவே கட்டிய அரங்கம் அது. இருபதாயிரம் பேர் உட்காரலாம். 1974இல் ஃபிராங்க் சினாட்ராவின் கச்சேரியோடு திறந்தார்கள். மறு ஆண்டு முகமது அலி அங்கே சக் வெப்னரோடு குத்துச்சண்டை போட்டார். நகரங்கள் ஒட்டவில்லை. போய்ச் சேர இருந்த சாலையும் குறுகலானது. பனி கொட்டும் இரவில் ஆட்டம் முடிந்து பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் நிறுத்துமிடத்தை விட்டு நகரவே முக்கால் மணி நேரம் ஆகும். எங்கள் சீனியர் அதற்காகவே ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டு வருவார். 1994இல் காவலியர்ஸ் நகரத்துக்குள் போனதும் அரங்கம் காலியானது, 1999இல் இடித்துவிட்டார்கள். இடம் இப்போது தேசியப் பூங்காவின் பகுதி, புல்வெளிப் பறவைகளைப் பார்க்க ஆட்கள் தொலைநோக்கியோடு வருகிறார்கள். அங்கே ஒரு காலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கு எதுவும் கிடைக்காது, நூலகத்துக்குப் போவதே மேல்.

சரி, இவ்வளவு கூட்டம் வந்த அணி ஏன் மூடியது? எனக்கு இதுதான் முக்கியக் கேள்வி. ரசிகர்கள் சொன்ன காரணங்கள் பல. 1986இல் பிராட் டாகர்ட்டி, மார்க் பிரைஸ், ரான் ஹார்ப்பர் மூவரும் வந்ததும் காவலியர்ஸ் எழுந்துவிட்டது என்றார்கள். கோப்பை வராததால் சலித்துவிட்டது என்றார்கள். அணியின் பெயர் ஸ்டார் வார்ஸ் படத்தின் அலையில் வைத்தது, ஆரம்ப ஆண்டுகளில் டார்த் வேடர் வேடமிட்ட ஒருவர் களத்துக்கு வருவார், அந்த மோகம் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். எதையும் முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் எல்லாமே கிளீவ்லாண்டுக்குள் தேடிய காரணங்கள்.

நான் ஒரு பெரிய தாளில் லீகின் எல்லா அணிகளையும் எழுதி, தொடங்கிய ஆண்டு முதல் முடிந்த ஆண்டு வரை கோடு போட்டேன். செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான். 1978 டிசம்பரில் லீக் தொடங்கியபோது ஆறு அணிகள். சின்சினாட்டி கிட்ஸ் ஒரே சீசனில் முடிந்தது. ஹூஸ்டன் சம்மிட் 1980இல் பால்டிமோருக்கு இடம் மாறி பிளாஸ்ட் ஆனது. பிலடெல்பியா ஃபீவர் 1982இல் போனது. முதல் நான்கு கோப்பையையும் வென்ற நியூயார்க் ஆரோஸ் 1984இல் போனது. கிளீவ்லாண்டின் பக்கத்துப் பகையாளி பிட்ஸ்பர்க் ஸ்பிரிட் 1986இல் போனது. ஆறில் அதே ஊரில் அதே பெயரில் மிஞ்சியது ஃபோர்ஸ் மட்டும். இரண்டு ஆண்டுக்கு ஒரு கோடு அறுவதைத் தாளில் பார்த்த பிறகு, 1988 என்ற ஆண்டு எனக்கு ஆச்சரியமாக இல்லை.

லீக் என்பது கூட்டுத் தொழில். ஒரு கடை நன்றாக ஓடி, தெருவில் மற்ற கடைகள் மூடினால் அந்தக் கடைக்கு லாபமாகக்கூட இருக்கலாம். அணிக்கு அப்படி இல்லை, ஆடுவதற்கு எதிரணி வேண்டும். பெரிய தொலைக்காட்சிப் பணம் இந்த லீகுக்கு வரவில்லை, வாசல் வசூலை நம்பித்தான் ஓட்டம். அரங்கமும் ஃபோர்ஸுக்குச் சொந்தமில்லை. அதே காலத்தில் சம்பளம் ஏறிக்கொண்டிருந்தது. வெளிக்களக் கால்பந்து லீகான என்.ஏ.எஸ்.எல். 1984 சீசனோடு படுத்துவிட, சான் டியாகோ சாக்கர்ஸ், சிகாகோ ஸ்டிங், மினசோட்டா ஸ்ட்ரைக்கர்ஸ் போன்ற அணிகள் பெரிய சம்பளக்காரர்களோடு உள்ளரங்கத்துக்கு வந்தன. வந்ததால் ஆட்டத் தரம் உயர்ந்தது, செலவும் உயர்ந்தது.

1988 இறுதிப் போட்டிக்கு ஃபோர்ஸ் வந்தது. அதன் பத்தாண்டு வாழ்வில் அது ஒரே இறுதி. சான் டியாகோவிடம் நான்குக்குப் பூஜ்யம் என்று தொடரை இழந்தது. அந்தக் கோடையில் சம்பள உச்சவரம்பைக் குறைப்பது பற்றி வீரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் இழுபறி. அடுத்த சீசன் நடக்குமா என்பதே நிச்சயமில்லாத நிலையில், ஜூலையில் வோல்ஸ்டைன் அணியை மூடினார். சிகாகோ, மினசோட்டா, செயின்ட் லூயிஸ் அணிகளும் மூடின. பதினொரு அணி லீக் ஏழாகச் சுருங்கியது. வோல்ஸ்டைன் ஊரை ஏமாற்றிவிட்டார் என்று இன்னும் கோபப்படுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. ஒன்பது ஆண்டுகள் கையிலிருந்து போட்டவர், எதிரில் ஆட ஆள் குறைகிறது என்று தெரிந்ததும் நிறுத்தினார். அடுத்த நான்கே ஆண்டில் லீகே முடிந்தது.

கிரஞ்சின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது, இங்கே எச்சரிக்கை ஒன்று மட்டும். 1992இல் லீக் விழுந்ததும் கிரஞ்ச் நேஷனல் புரொஃபஷனல் சாக்கர் லீகுக்கு மாறியது. அங்கே சாதாரண கோலுக்கு இரண்டு புள்ளி, தூரத்திலிருந்து அடித்தால் மூன்று, சில வகைக்கு ஒன்று. அதனால் 19-12 என்றெல்லாம் ஸ்கோர் வரும். அந்த எண்ணைப் பழைய ஃபோர்ஸ் ஸ்கோரோடு ஒப்பிட்டு 'கிரஞ்ச் காலத்தில் கோல் மழை' என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்த்தேன். எண்ணை எடுக்கும் முன் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

கிரஞ்ச் 1994, 1996, 1999 என மூன்று முறை அந்த லீகை வென்றது. கனடாவின் ஹெக்டர் மரினாரோவும் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த ஜோரான் காரிச்சும் சேர்ந்து அடித்த கோல்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் 2016இல் காவலியர்ஸ் கோப்பை வென்றபோது, 1964க்குப் பிறகு கிளீவ்லாண்டுக்கு வந்த முதல் பட்டம் என்று நாடே கொண்டாடியது. நூலகக் காட்சிக்கு வந்த முதியவர் ஒருவர் என்னிடம், "நடுவில் நான் மூன்று கோப்பையைக் கண்ணால் பார்த்தேனே, அது எந்தக் கணக்கில்?" என்று கேட்டார். பெரிய லீக் கணக்கில் அது வராது என்று விளக்கம் சொல்லலாம். சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, எனக்கும் அந்த விளக்கம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

கடைசியாகப் பொருள்களைப் பற்றி. வீட்டில் பதிவு செய்த வி.எச்.எஸ். நாடாக்கள் இருந்தால் தள்ளிப் போடாமல் டிஜிட்டல் பிரதி எடுங்கள். மூலத்தைத் தூக்கி எறிய வேண்டாம், ஒரு கடையில் எடுத்த பிரதியில் எனக்குப் படம் வந்தது, வர்ணனை வரவில்லை, மறுபடி வேறு இடத்தில் எடுக்க நாடா கையில் இருந்ததால் தப்பித்தேன். புகைப்படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், இடம், தோராயமான ஆண்டு, சொன்னவர் யார் என்று எழுத வேண்டும். பேனா மை முன்பக்கத்துக்கு ஊறும். எல்லாவற்றையும் ஒரு நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கொடுக்கும்போது வாயால் பேசிக் கொடுக்காமல், என்னென்ன கொடுத்தோம் என்ற பட்டியலும் யார் பயன்படுத்தலாம் என்ற கடிதமும் இருவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். என் பெட்டிகள் இப்போது நூலகத்தில் இருக்கின்றன. கோடு போட்ட தாளை மட்டும் கொடுக்கவில்லை, அதில் செயின்ட் லூயிஸ் பகுதி இன்னும் முடியவில்லை.